பேச்சியம்மாள் காலுக்கு நான் மாட்டிய மஞ்சள் டேக்

"நீங்க பேப்பரப் பாத்துக்கிட்டே இருங்க மேடம். அதுக்குள்ள அவ காலு கோணலாக் கூடிரும். குடுக்கணும்னு மனசு இருக்கவங்க இம்புட்டுக் கேள்வி கேப்பாவளான்னுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

என் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு முன்னால் நின்று மாரிசெல்வம் இப்படிச் சொன்னார். அவர் எங்கள் ஸ்டோர்ஸில் கான்ட்ராக்ட் லோடர், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரகடம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஆறு நாளாகப் படுத்திருந்தாள். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தால்தான் நேராக நடப்பாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக எங்கள் அசெம்பிளி லைனில் கலெக்‌ஷன் எடுத்துத் தரச் சொல்லி மாரிசெல்வம் கேட்டிருந்தார். அந்தக் கலெக்‌ஷனை நிறுத்தி வைத்தவள் நான்.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கேஜ் பிடித்து அளக்க உங்களுக்கு டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் செய்த இந்தத் தப்பைப் பற்றி அங்கே யாரும் பேசமாட்டார்கள்.

என் டேபிள்

எங்கள் கம்பெனியில் கார் சீட் தயாராகிறது. என் இடம் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். சப்ளையரிடமிருந்து சீட்டில் மாட்டும் இரும்பு பிராக்கெட் ஒரு லாட் வந்தால் கூடவே டெஸ்ட் சர்டிஃபிகேட் ஒன்றும் வரும். எல்லா அளவும் சரி என்று அச்சடித்து, சீல் குத்தி, கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அதை வாங்கி ஃபைலில் வைப்போம். அப்புறம் லாட்டிலிருந்து ஐந்து பீஸ் எடுத்து டேபிளில் வைத்து நாமே அளப்போம். சர்டிஃபிகேட் பளிச்சென்று இருக்கும், பீஸில் ஓட்டை அரை மில்லி தள்ளியிருக்கும். பிரிண்டர் மை தீர்ந்து பாதி எழுத்து இல்லாத சர்டிஃபிகேட்டோடு வந்த லாட், அளந்து பார்த்தால் அப்பழுக்கில்லாமல் இருக்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

சரி என்றால் பச்சை டேக், தப்பு என்றால் சிவப்பு. சந்தேகம் என்றால் மஞ்சள், அதாவது ஹோல்டு. மஞ்சள் டேக் மாட்டிய லாட்டை மேனேஜரே வந்தாலும் நகர்த்த முடியாது. அதில் என் கையெழுத்து இருக்கும். 'ஏ. கலையரசி' என்று கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது. டிப்ளமோ முடித்து இந்த டேபிளுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. என்னைத் தாண்டி ஒரு ரிஜெக்ட் பீஸ்கூட லைனுக்குப் போனதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது சாவு, ஆஸ்பத்திரி என்றால், காலை மீட்டிங் முடிந்ததும் பிராக்கெட் போட்டு வைக்கும் நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை (பின் என்போம்) காலி செய்து சுற்றுக்கு விடுவார்கள். கையை மூடியபடி உள்ளே விட்டு, உள்ளேதான் திறக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. வெறும் கையை விட்டு எடுத்தவர்களும் இருப்பார்கள். அதையும் யாரும் கேட்டதில்லை.

நம்ம பசங்க

மாரிசெல்வம் வந்து நிற்பதற்கு ஆறேழு மாதம் முன்பு ஒரு டிரஸ்ட்டிலிருந்து கம்பெனிக்கு வந்தார்கள். அநாதைக் குழந்தைகளுக்கு ஹோம் நடத்துகிறோம், மாதாமாதம் சம்பளத்தில் சிறிய தொகை பிடித்துக் கொடுக்கச் சம்மதித்தால் போதும் என்றார்கள். லேமினேட் செய்த போட்டோக்கள், ரிஜிஸ்ட்ரேஷன், வரிவிலக்குச் சர்டிஃபிகேட், ஆடிட்டர் கையெழுத்து எல்லாம் வைத்திருந்தார்கள். எல்லாமே இங்கிலீஷில் இருந்தன.

லைனில் சீட் கவர் மாட்டும் சுமதி ஃபாரத்தை என்னிடம் நீட்டினாள். "அக்கா, இதுல இன்னா போட்டுகீது? படிச்சிச் சொல்லு. நீ சொன்னா போட்டுடுறோம்."

பக்கம் விடாமல் படித்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. "எல்லாம் கரெக்டா இருக்கு. போடலாம்" என்று சொல்லி முதல் கையெழுத்தை நானே போட்டேன். எனக்குப் பின்னால் லைன் முழுக்கப் போட்டது.

நாலு மாதம் போயிற்று. ஒரு நாள் கேன்டீனில் சுமதி கேட்டாள். "ஏன்க்கா, நம்ம பசங்க எப்டிகீறாங்கோ?"

"எந்தப் பசங்க?"

"அதான்க்கா, போட்டோல இருந்தாங்களே. அந்தப் பல்லு விழுந்த புள்ள. ஸ்கூல் சேத்தாங்களாமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையே கூட்டிக்கொண்டு சர்டிஃபிகேட்டில் இருந்த முகவரிக்குப் போனேன். ஒரு டயர் கடைக்கு மேலே மாடி ரூம். ஏழெட்டுப் பேர் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு போர்டு, அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அன்றைய டார்கெட். குழந்தைகள் யாரும் இல்லை.

"ஹோம் இங்க இல்ல மேடம், இது கலெக்‌ஷன் ஆபீஸ். ஹோம் வேற டிஸ்ட்ரிக்ட்" என்றார் அங்கிருந்த மேனேஜர். டீ வரவழைத்தார்.

"நாங்க குடுக்கிறதுல பசங்களுக்கு எவ்ளோ போவுது சார்?"

"எல்லாம் டிரஸ்ட்டுக்குப் போயிடும் மேடம்."

"டிரஸ்ட்டுலேர்ந்து?"

அவர் ஆல்பத்தை எடுத்து எங்கள் முன் வைத்தார். பல் விழுந்த பெண் முதல் பக்கத்தில் இருந்தாள்.

நாங்கள் இறங்கும்போது, எங்கள் கம்பெனிக்கு வந்து ஃபாரம் வாங்கிய பெண் படியில் பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, சத்தியமா நானும் அந்தப் பசங்களப் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சது டார்கெட்தான். கேன்சல் பண்றதா இருந்தா அடுத்த மாசம் பண்ணுங்கக்கா. இந்த மாசம் நீங்கல்லாம் எம்பேர்லதான் கீறீங்க."

அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று தெரிந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன். ஹோம் உண்மையிலேயே எங்கோ இருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பல் முளைத்து ஸ்கூலுக்கும் போய்க்கொண்டிருக்கலாம். ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலே முப்பது பேரைக் கையெழுத்துப் போட வைத்திருந்தேன்.

பிடித்தத்தை நிறுத்த எழுதிக்கொடுத்தோம். லைனில் யாரும் என்னைத் திட்டவில்லை. "வுடுக்கா, உண்டியல்ல போட்டதா நெனச்சிக்கினு போவோம்" என்றாள் சுமதி. அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

லைன் லீடர் தேசிங்கு அண்ணன் மட்டும் ஒரு முடிவு சொன்னார். "இனிமே பின்னு சுத்துறதுக்கு முன்னாடி பேப்பரக் கலா பாக்கட்டும். கலா ஓகே சொன்னாத்தான் பின்னு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இனி ஒரு எழுத்து பிசகினாலும் விடமாட்டேன் என்று இருந்தேன்.

மஞ்சள்

அந்த முடிவுக்குப் பிறகு என் டேபிளுக்கு வந்த முதல் பேப்பர் மாரிசெல்வத்துடையது. ஒரு தனியார் கிளினிக் கொடுத்த எஸ்டிமேட், நாலாக மடித்து வியர்வையில் நனைந்திருந்தது. நோயாளி பெயர்: லட்சுமி. வயது: நாற்பத்தாறு.

"உங்க மனைவி பேரு பேச்சியம்மாள்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"வயசு?"

"இருவத்தி நாலு."

"அப்போ இது யாரு?"

"அது ஆஸ்பத்திரில மாத்திப் போட்டுட்டாவ மேடம்."

"சரி, மாத்தி வாங்கிட்டு வாங்க."

"லீவு போட்டா கான்ட்ராக்டர் வேற ஆள எடுத்துருவாரு மேடம். நீங்க ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிடுங்களேன்."

வேறு யாருடைய எஸ்டிமேட்டையோ கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டயர் கடை மாடி ரூம்தான் கண்ணுக்குள் நின்றது. நான் யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கத்தில் செய்தது. டிராயரிலிருந்து மஞ்சள் டேக் ஒன்றை எடுத்து, கையெழுத்துப் போட்டு, அந்தப் பேப்பரில் மாட்டி டிரேயில் வைத்துவிட்டேன்.

மாரிசெல்வத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் லோடருக்கு டேக் கலர் தெரியும். மஞ்சள் என்றால் தொடக் கூடாது, எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் நான் முதலில் எழுதிய வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் பிளான்ட் முழுக்கப் பரவிவிட்டது. சாப்பிடும்போது தேசிங்கு அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். "இன்னா கலா, மனுசனுக்கே டேக் போட்டுட்டியாமே? எனக்கு இன்னா கலரு? சொல்டு, அப்டியே வூட்டுக்குப் போயி பொண்டாட்டி கையில காட்டுறேன்."

"அண்ணே, நீங்கதான பேப்பரப் பாருன்னீங்க?"

"பாருன்னேன். தூக்குல போடுன்னா சொன்னேன்?"

"பேரு மாறிகீதுண்ணே. டிரஸ்ட்டு மேட்டர் மாதிரி ஆச்சுன்னா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நானும் டேக்கை எடுக்கவில்லை. நாலு நாள் அந்தப் பேப்பர் டிரேயிலேயே கிடந்தது. மாரிசெல்வம் என் டேபிளைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக டிராலி தள்ளினார். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும்போது, எலும்பு கூட எத்தனை நாள் ஆகும் என்று போனில் தேடிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, அவர் மாற்றி வாங்கி வரட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

மூன்று பெயர்

நாலாம் நாள் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பக்கத்துக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். நான் செய்தது சரி என்று யாராவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"பேரு மாறிகீதுன்னா புடிச்சு வெச்ச?"

"ஆமாம்மா."

"உங்கப்பன் பேரு ரேசன் கார்டுல ஏழுமலை. ஆதார்ல ஏகாம்பரம், அது உங்க தாத்தா பேரு. ஆஸ்பத்திரி சீட்டுல எழிலன்னு எழுதிக் குடுத்தான், அது யாருன்னு எனக்கே தெரியாது. அப்போ எனக்கு மூணு புருசனா? மூணுல யாரு உன்னப் பெத்தாங்கன்னு அதுக்கும் ஒரு டேக் போடு."

அப்பா உள்ளேயிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலிடெக்னிக்கில் கட்டணச் சலுகைக்கு நான் அலைந்தது இந்தப் பெயர்களால்தான். மூன்று வாரம் ஜன்னலுக்கு ஜன்னல் நின்றிருக்கிறேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்மேல் அன்று எனக்கு இருந்த கோபம் நன்றாக நினைவிருக்கிறது.

ராத்திரி படுத்தபடி இரண்டு பேப்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். டிரஸ்ட்டின் பேப்பர் சுத்தமாக இருந்தது, பச்சை போட்டேன். மாரிசெல்வத்தின் பேப்பர் அழுக்காக இருந்தது, மஞ்சள் போட்டேன். இரண்டு முறையும் நான் பார்த்தது சர்டிஃபிகேட்டை மட்டும். ஆறு வருஷமாக ஒரு பிராக்கெட்டைக்கூட அப்படிப் பாஸ் செய்ததும் இல்லை, நிறுத்தியதும் இல்லை.

அளந்து பாத்துக்கிடுங்க

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் மாரிசெல்வம் குடியிருந்த சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். ஷீட் போட்ட எட்டு ரூம்கள் வரிசையாக, பொதுவில் ஒரு குழாய். மூன்றாவது ரூமில் பேச்சியம்மாள் பாயில் படுத்திருந்தாள். மாவுக்கட்டு போட்ட காலுக்கு அடியில் எங்கள் கம்பெனி ரிஜெக்ட் ஃபோம் இரண்டு துண்டு வைத்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர் கம்பெனிலேர்ந்து வர்றேன். கலையரசி."

"ஓ, மஞ்சச் சீட்டு போட்ட அக்காவா? வாங்க, வாங்க." அவள் போர்வையை விலக்கினாள். "கால நீட்டட்டா? டேப்பு கொண்டாந்திருக்கியளா? நல்லா அளந்து பாத்துக்கிடுங்க."

நானே போர்வையை இழுத்து மூடினேன். அதற்குள் கஞ்சிப் பாத்திரத்தோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். ரூம்களை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அம்மா. நான் வந்த விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்த லட்சுமி நாந்தாம்மா. இவங்க போனு ரிப்பேரு, என் நம்பரக் குடுத்தாங்கோ. நான் அங்க சுகருக்குப் போறவ. நம்பரப் போட்டா அந்தக் கம்ப்யூட்டரு எம்பேரத்தான் காட்டும். இதுக்கா இந்தப் பொண்ண இப்டிப் போட்டு வெச்சிகீறீங்க?"

நான் பேச்சியம்மாளிடம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"போகாம இருப்பமா? இவுக ஷிப்டு முடிச்சு வந்து கூட்டிட்டுப் போனா, ஓ.பி. மத்தியானத்தோட முடிஞ்சிருதாம். மறாநாளு காலைல போனோம். எக்ஸ்ரே ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம். இவுகளுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கு நடக்க முடியாது. ரெண்டு பேருமாச் சேந்து என்னத்தக் கிழிக்க? அதுக்குள்ள கான்ட்ராக்டரு போனு மேல போனு. திரும்பி வந்துட்டோம். அப்புறந்தான் இந்தப் பிரைவேட்டு."

அந்த எஸ்டிமேட்டில் இருந்த தொகைக்கு எங்கள் பின் பத்துத் தடவை சுற்றினாலும் எட்டாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது காலையில் லீவு போட்டுக் கூட நிற்க ஒரு ஆள், படிக்கத் தெரிந்த ஆள். நான் அந்த ரூமுக்கு வந்திருக்காவிட்டால் இது எந்தப் பேப்பரிலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஓ.பி.

இரண்டு நாள் லீவு போட்டேன். காலை ஆறரைக்கே கியூவில் நின்றோம். வீட்டுக்கார அம்மா ஆட்டோவில் பேச்சியம்மாளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் சீட்டு வாங்கி, ஃபாரம் நிரப்பி, எக்ஸ்ரே ரூமுக்கும் டாக்டர் ரூமுக்கும் நடந்தேன். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு முன்னே பின்னே இருந்தவர்கள் தங்கள் சீட்டுகளையும் நீட்டினார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விழுந்து பன்னண்டு நாள் ஆச்சா? இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க? எலும்பு விலகுன இடத்துலயே ஒட்ட ஆரம்பிச்சிருக்கு."

"சார், நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

பேச்சியம்மாள் குறுக்கே பேசினாள். "பஸ்ஸு கெடைக்கல சார்."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார். மூன்றாம் நாள் பிளேட் வைத்தார்கள்.

அதே வாரம் காலை மீட்டிங்கில் பின் சுற்றியது. தேசிங்கு அண்ணன் கான்ட்ராக்டரிடம் பேசியதில் மாரிசெல்வம் மனைவியோடு இருப்பதற்காகச் சம்பளமில்லாமல் லீவு எடுத்திருந்தார், அதற்காக. தேசிங்கு அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார், "கலா, பேப்பர் ஓகேவா?"

"பேப்பர் இல்லண்ணே. நான் ஆளப் பாத்துட்டு வந்தேன்."

"அப்டிச் சொல்லு."

பேச்சியம்மாள் இப்போது நடக்கிறாள். இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். நாலு நாள் முன்னால் வந்திருந்தால் இந்த இழுப்பு இருந்திருக்காதா என்று. "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். வெர்னியரில் அளக்க முடியாத ஒன்றை அன்றிலிருந்து வைத்துக்கொண்டு அலைகிறேன்.

இப்போது

இனிமேல் யாரையும் சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் இன்னும் சந்தேகப்படுகிறேன். கம்பெனி கேட்டில் உண்டியல் டின் குலுக்குகிறார்கள், போனில் தினமும் போஸ்டர் வருகிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க எங்கள் சம்பளம் தாங்காது. யாருக்கு என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். பேப்பரை வாங்கி ஃபைலில் வையுங்கள். அதை வைத்து மட்டும் பச்சையும் போடாதீர்கள், மஞ்சளும் போடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால், பார்த்துவிட்டு வந்த ஒருவரைக் கேளுங்கள்.

இதைச் சொன்னால் தேசிங்கு அண்ணன் விடமாட்டேன் என்கிறார். "அப்போ எங்கியோ வெள்ளம் வந்து ஊரே போச்சுன்னா, நீ படகு புடிச்சிப் போயி பாத்துட்டு வந்து அப்பால குடுப்பியா?" அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

திங்கட்கிழமை சுமதி ஒரு போஸ்டர் அனுப்பினாள். இரண்டு வயதுக் குழந்தை, இதய ஆபரேஷன், பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடு. கீழே சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர், வார்டு நம்பர். இணைத்திருந்த பேப்பர்கள் அத்தனையும் சுத்தம். 'உண்மையாக்கா?' என்று கேட்டிருந்தாள். தெரியவில்லை என்று பதில் போட்டேன்.

புதன்கிழமைக் காலை ஷிப்டை இன்னொருத்தியோடு மாற்றிக்கொண்டு, ஸ்லிப்பில் சூப்பர்வைசர் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். விஷயம் கேள்விப்பட்டு பேச்சியம்மாள் போன் செய்தாள்.

"நானும் வாரேன்க்கா. நீங்க சீட்டப் பாருங்க. நா அந்தப் புள்ளயோட அம்மாட்டப் பேசிப் பாக்கேன்."

"அவ்ளோ தூரம் உன்னால முடியுமா? பஸ்ஸு ரெண்டு மாறணும்."

"ஆஸ்பத்திரிக்குத்தான போறோம், வலிச்சா அங்கனயே காட்டிக்கிடுதேன். எத்தன மணிக்கு வரணும், அதச் சொல்லுங்க."

ஆறு மணிக்குப் படப்பை ஸ்டாப்பில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.